கையேட்டை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்: வலைத்தளம் செய்து தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வலைத்தளம் செய்து தரும் நண்பர்களே,

வணக்கம். இதை எழுதுகிற நானும் ஒரு காலத்தில் உங்கள் கூட்டத்தில் இருந்தவன்தான். ஏழெட்டு வருடம் தளம் கட்டிக் கொடுத்தேன். இப்போது எதிர்வரிசைக்கு மாறிவிட்டேன். வேறு யாரோ கட்டிக் கொடுத்த தளத்தில் தினமும் செய்தி ஏற்றி, படம் மாற்றி, பிழை திருத்துகிற குழுவில் இருக்கிறேன். உங்கள் கிளையன்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. திங்கட்கிழமை ஒரு நிகழ்ச்சி. அதற்குள் முகப்புப் படத்தை மாற்றியாக வேண்டும். வழக்கமாக மாற்றுகிறவர் விடுப்பில் போயிருந்தார். புதிதாகச் சேர்ந்த தோழி ஒருவர் தளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "இதுக்கு ஏதோ கையேடு இருக்காமே, எங்கே?" என்றார். மூன்று பேர் உட்கார்ந்து மின்னஞ்சலில் தேடினோம். 'தளக் கையேடு இறுதி', 'தளக் கையேடு இறுதி 2' என்று இரண்டு பிடிஎஃப் கிடைத்தன. இரண்டாவது வந்திருந்தது, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு. போகிற போக்கில் அவர் யாருக்கோ ஃபார்வர்டு செய்திருந்ததால் தப்பித்தது.

46 பக்கம். 17-ஆம் பக்கத்தில் முகப்புப் படம் பற்றி இருந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் வலது மேல்மூலையில் ஒரு பொத்தானைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். எங்கள் திரையில் அந்த இடத்தில் பொத்தானே இல்லை. நடுவில் எத்தனையோ அப்டேட் வந்து போய்விட்டன. கடைசியில் தோழியே அங்கே இங்கே துழாவிப் படத்தை மாற்றிவிட்டார். கைபேசியில் எடுத்த படம், 4000 பிக்சல் அகலம். கணினியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கைபேசியில் திறந்தால் வரிசையாக நின்ற ஏழு பேரில் நடுவில் நின்ற மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். மற்ற நால்வரையும் தளம் இருபுறமும் வெட்டி எறிந்திருந்தது.

கையேட்டில் தப்பு ஒன்றும் இல்லை. படம் என்ன அளவில் இருக்க வேண்டும், கைபேசியில் எவ்வளவு வெட்டுப்படும் என்பதெல்லாம் 23-ஆம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. திங்கட்கிழமை நான்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

இதைக் குற்றப்பத்திரிகையாக நினைக்க வேண்டாம். இதே மாதிரி கையேடுகளை நானும் வரிசையாக எழுதித் தள்ளியிருக்கிறேன். வேலை முடிகிற வாரம், கண் எரிய எரிய ராத்திரி உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அம்புக்குறி போட்டு, பொருளடக்கம் சேர்த்து, முதல் பக்கத்தில் லோகோ வைத்து அனுப்புவேன். கடைசிப் பக்கத்தில் லாகின் பாஸ்வேர்டும் இருக்கும், கடவுளே. அனுப்பியதும் ஒரு நிம்மதி. இனி யாராவது கேட்டால் "கையேட்டுல இருக்குங்க" என்று சொல்லிவிடலாம். யோசித்துப் பார்த்தால், அந்தக் கையேட்டை நான் எழுதியதே அப்படிச் சொல்வதற்காகத்தான். கிளையன்டின் கை அந்த நேரத்தில் எங்கே இருக்கும், கண் எங்கே இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

கை, தளத்தின் உள்பக்கத்தில் இருக்கிறது. கண், ஒரு காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்பதற்கான பதில் வேறொரு மென்பொருளில், வேறொரு கோப்பில், யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் கிடக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பதிலைக் கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. கொஞ்ச காலத்திலேயே அது இயங்குதளத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. கட்டளை தட்டுகிற அதே திரையில் 'மேன்' (மேனுவல், அதாவது கையேடு என்பதன் சுருக்கம்) என்று அடித்து, பக்கத்தில் கட்டளையின் பெயரைச் சேர்த்தால் விளக்கம் அங்கேயே விரியும். இன்றைக்கும் லினக்ஸிலும் மேக்கிலும் அப்படித்தான். நிரல் எழுதும் உங்கள் கோட் எடிட்டரில் ஒரு ஃபங்ஷன் பெயரின் மேல் மவுஸை வைத்தால் அது என்ன செய்யும், என்ன வாங்கும், என்ன தரும் என்று ஒரு சின்னப் பெட்டி மிதந்து வருகிறது. நமக்கு வேலை செய்கிற இடத்திலேயே விளக்கம் வேண்டும். கிளையன்டுக்கு மட்டும் 46 பக்கமா?

"எங்கே வைத்தாலும் அவர்கள் படிக்க மாட்டார்கள்" என்று உங்களில் பலர் சொல்வது காதில் விழுகிறது. நானும் சொல்லியிருக்கிறேன். 1987-இலேயே ஜான் கரோல், மேரி பெத் ராசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதிவிட்டார்கள். மனிதர்கள் கணினி முன் உட்காருவது கணினியைக் கற்றுக்கொள்வதற்காக அல்ல, கையில் உள்ள வேலையை முடிப்பதற்காக. முன்கூட்டியே உட்கார்ந்து படித்தால் பிறகு நேரம் மிச்சமாகும் என்று தெரிந்தாலும் படிக்க மாட்டார்கள். நேராகக் காரியத்தில் இறங்குவார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, மனித இயல்பு. ஐபிஎம்மில் இருந்தபோது கரோலின் குழு, தடிமனான பயிற்சிப் புத்தகத்துக்குப் பதிலாக, ஒரு வேலைக்கு ஓர் அட்டை என்று சின்னச் சின்ன அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தது. வேலை நடக்கிற நேரத்தில், அந்த வேலைக்கு மட்டும், கொஞ்சமாக. நமக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, எப்படி? நம்மில் நிறையப் பேர் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில்தான் வேலை செய்கிறோம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கூடுதல் ஃபீல்டுகளுக்கு, அதாவது நிரப்பும் கட்டங்களுக்கு, ஏசிஎஃப் என்ற பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. நான் திறந்து பார்த்த தளங்களில் பாதிக்கு மேல் அது காலி. இதே மாதிரி இன்னொரு மென்பொருளான டிரூபலிலும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் உதவி வரி எழுத இடம் உண்டு. மற்றொன்றான ஜூம்லாவில் 2023-இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து, 'இதை அழுத்துங்கள், அடுத்து இதை' என்று திரையிலேயே கைபிடித்துக் கூட்டிப்போகும் சுற்றுலாவை நாமே தயாரித்துக்கொள்ளலாம். வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் முகப்புப் படக் கட்டத்தின் கீழே இப்போது நான் எழுதி வைத்திருப்பது இது: "அகலம் 1600, உயரம் 600. முகங்கள் நடுவில் இருக்கட்டும். கைபேசியில் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். மாற்றியதும் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள்." நான்கே வரி. 23-ஆம் பக்கத்தில் இருந்த அதே விஷயம்தான். எழுத ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு படம் நான்கு முறை மாறிவிட்டது, யாருடைய தலையும் போகவில்லை.

அந்த வரியைக் கட்டத்துக்குள் மங்கலான எழுத்தில் வைத்துவிடாதீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் எழுத்தைத் தட்டியதும் மறைந்துவிடும். சந்தேகம் வருவது தட்ட ஆரம்பித்த பிறகுதான். வரி கட்டத்துக்கு வெளியே, எப்போதும் தெரிகிற மாதிரி இருக்கட்டும். திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) வைத்து வேலை செய்கிறவருக்கும் அது கேட்கிற மாதிரி கட்டத்தோடு இணைத்து வையுங்கள். தளத்தின் வெளிப்பக்கத்துக்கு, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான அணுகல்தன்மை விதிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். உள்பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கும் விதிகள் இருக்கின்றன என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. உள்ளடக்கம் எழுதும் மென்பொருள் கருவிகளுக்கென்றே இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2015-இல் வெளியிட்ட ஏடேக் 2.0 என்ற விதித்தொகுப்பு, கருவியின் வசதிகளை ஆவணப்படுத்தித் தர வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது.

அப்புறம், வேர்ட்பிரஸில் மேலே வலதுபக்கம் இருக்கிற 'உதவி' டேப். 2011 டிசம்பரில் வந்த 3.3 பதிப்பிலிருந்து அதில் நம் சொந்தக் குறிப்புகளைத் திரைவாரியாகச் சேர்க்க முடியும். நான் கட்டிய காலத்தில் அதை நம்பி நிறைய எழுதி வைத்தேன். 2018 டிசம்பரில் 5.0 வந்தது, பக்கத்தைப் பிளாக் என்கிற துண்டுகளாக அடுக்கி எழுதும் பிளாக் எடிட்டர் வந்தது. அந்தத் திரையில் உதவி டேப் கிடையாது. கிளையன்ட் அதிக நேரம் இருக்கிற திரையிலிருந்தே என் குறிப்பெல்லாம் காணாமல் போனது, எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. புகார் வராததை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆகவே, குறிப்பை உள்ளே வைத்தால் மட்டும் போதாது. பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் கிளையன்டின் லாகினில் நுழைந்து, அது இன்னும் கண்ணில் படுகிறதா என்று பார்க்கவும் வேண்டும். உங்கள் அட்மின் லாகினில் பார்த்தால் போதாது. அவர் 'எடிட்டர்' பொறுப்பில் இருப்பார். அவருக்குத் தெரிகிற திரை வேறு.

பிளாக் எடிட்டரில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு விளக்க வரி உண்டு. பிளாக்கைத் தேர்ந்தெடுத்தால் வலதுபக்கப் பட்டையில் தலைப்புக்குக் கீழே தெரியும். 'முகப்பு பிளாக்' என்று அங்கே எழுதி வீணாக்காதீர்கள், அதன் பெயரே அதுதானே. 'நிகழ்ச்சி முடிந்ததும் இதை மறைத்துவிடுங்கள்' என்று எழுதுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. 'வெளியிடு' என்று அழுத்தியதும், 'நிச்சயமாக வெளியிடலாமா?' என்று கேட்டு ஒரு பட்டை வருகிறதே, அதற்குள் நம் சொந்தப் பகுதியைச் சேர்க்க இடம் கொடுத்திருக்கிறார்கள். படத்துக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விளக்கம்) எழுதியாயிற்றா, வகை தேர்ந்தெடுத்தாயிற்றா, தேதி சரியா என்று மூன்று கேள்வி அங்கே வைத்தால் போதும். ஆள் நின்று யோசிக்கிற ஒரே நொடி அதுதான்.

சில குறிப்புகள் எழுதவே தேவைப்படாது. நகர்த்தக் கூடாத பிளாக்கைப் பூட்டி வைத்துவிட்டால் 'இதை நகர்த்தாதீர்கள்' என்று எழுத வேண்டியதில்லை. மாறாக, எழுதியே ஆக வேண்டியவையும் உண்டு. ஓர் இடுகையின் வலை முகவரியை மாற்றினால் பழைய முகவரிக்கு வருகிறவர்களை வேர்ட்பிரஸ் தானாகவே புதிய இடத்துக்குத் திருப்பிவிடும். பக்கம் என்றால் அந்த உத்தரவாதம் இல்லை. இரண்டு திரையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும்போது இந்த வித்தியாசம் கிளையன்டுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரியவில்லை. அச்சடித்துக் கொடுத்த முகவரி ஒன்று அப்படித்தான் செத்துப் போனது.

கட்டத்துக்குக் கீழே அடங்காத விஷயங்களும் இருக்கும்: புதிய ஆளுக்கு லாகின் தருவது, செய்தி மடல் அனுப்பும் முறை, தளம் திடீரென்று நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது. அவற்றுக்கு இடதுபக்க மெனுவில் 'நம் தளக் கையேடு' என்று ஒரு பக்கம் போதும். லாகின் செய்ததும் வருகிற டாஷ்போர்டில் ஒரு விட்ஜெட் (சின்னப் பெட்டி) வைத்து அதற்கு இணைப்பும் கொடுத்துவிடலாம். ஆனால் அதைத் தளத்தின் தோற்றத்தைத் தருகிற தீமுக்குள் எழுதாதீர்கள். நாளைக்குத் தீம் மாறினால் கையேடும் அதோடு போய்விடும். தனி பிளகினாக எழுதி, எம்யூ-பிளகின்ஸ் என்கிற கட்டாயப் பிளகின் கோப்புறையில் போடுங்கள். அங்கே இருப்பதை டாஷ்போர்டிலிருந்து யாரும் தவறுதலாக அணைக்க முடியாது. (கோப்புறைக்குள் கோப்புறை வைத்தால் அது படிக்காது, பிளகினின் பிஎச்பி நிரல் கோப்பு நேராக எம்யூ-பிளகின்ஸிலேயே இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு மதியம் முழுவதும் செலவழித்தேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.)

முப்பது கிளையன்ட் இருந்தால் முப்பது தளத்திலும் போய்த் திருத்த வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பொதுவான குறிப்புகளை உங்கள் தளத்தில் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். 2016 டிசம்பரில் 4.7 வந்ததிலிருந்து, ஒரு தளம் இன்னொரு தளத்திலிருந்து தகவல் எடுக்க வழி தருகிற ரெஸ்ட் ஏபிஐ வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கிறது. அதன் வழியாக ஒவ்வொரு தளமும் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு முறை திருத்தினால் முப்பது இடத்திலும் மாறிவிடும். ஆனால் எடுத்ததன் பிரதி ஒன்றை அந்தந்தத் தளத்திலேயே சேமித்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் சர்வர் படுத்தால், அல்லது (சொல்லத்தான் வேண்டும்) உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் முடிந்தால், கையேடும் சேர்ந்து மறைந்துவிடக் கூடாது. அது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். ஒரு ஐஃபிரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்துக்குள்) கூகுள் டாக்ஸைத் திணித்து வேலையை முடித்துவிடும் குறுக்குவழியும் இருக்கிறது. யார் யாருக்கு அனுமதி என்கிற சிக்கலில் ஒரு நாள் அது வெள்ளைப் பெட்டியாகத்தான் தெரியும்.

மொழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே 4.7-இலிருந்து ஒவ்வொரு பயனரும் டாஷ்போர்டைத் தனக்கு வேண்டிய மொழியில் வைத்துக்கொள்ளலாம். திரையில் 'வெளியிடு' என்று இருக்கும்போது குறிப்பில் 'பப்ளிஷ் பட்டனை அழுத்தவும்' என்று இருந்தால், ஆள் பப்ளிஷைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் குழுவில் ஒருவர் உண்மையாகவே தேடினார். திரையில் என்ன சொல் இருக்கிறதோ அதே சொல்லை எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். பொத்தான் நகர்ந்தால் படம் பொய்யாகிவிடும், பொத்தானின் பெயர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போடுங்கள்.

அதற்காகப் பக்கம் முழுக்கக் குறிப்பாக நிரப்பிவிடவும் வேண்டாம். ஆபீஸ் 97-இல் திரை ஓரத்தில் ஒரு காகிதக் கிளிப் துள்ளிக்கொண்டு வந்து 'கடிதம் எழுதுகிறீர்களா?' என்று கேட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் வேலை செய்கிற இடத்திலேயே கிடைத்த உதவிதான். 2001-இல் வந்த ஆபீஸ் எக்ஸ்பியில் மைக்ரோசாஃப்டே அதை முன்னிருப்பாக அணைத்து வைத்தது. கேட்காதபோது குறுக்கே வந்து நிற்கிற உதவி, உதவியே இல்லாததைவிட மோசம்.

காசு விஷயம். இதையெல்லாம் இலவசமாகச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. மதிப்பீட்டுத் தாளில் 'பயிற்சியும் கையேடும்' என்று கடைசி வரியில் ஒரு தொகை போடுகிறீர்கள், பேரம் வந்தால் முதலில் வெட்டுவதும் அதைத்தான். அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒரு ஃபீல்டைச் செய்கிற நேரத்திலேயே அதன் குறிப்பு வரியையும் எழுதி, அந்த வேலையின் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். குறிப்பு இல்லாத ஃபீல்டு முடியாத ஃபீல்டு என்று உங்கள் குழுவுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டால், கடைசி வாரத்து ராத்திரிக் கண்ணெரிச்சலும் மிச்சம். கட்டுகிற அன்றைக்குத்தான் அந்தக் கட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்பது உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மூன்று மாதம் கழித்து நீங்களே நிரலைத் திறந்து பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், உங்கள் கைபேசியைத் திறந்து, ஒரு கிளையன்ட் கடந்த மூன்று மாதத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் கேள்விகளைப் படியுங்கள். "சார், அந்தப் படம் பெரிசா வருது", "மெனுவுல புதுப் பக்கம் தெரியலையே", "பழைய அறிவிப்பை எப்படி எடுக்கிறது?". நீங்கள் அனுப்பிய பதில்களும் அங்கேயே இருக்கும், எளிய சொற்களில், இரண்டு மூன்று வரியில். கையேட்டில் எழுதியதைவிட அவை நன்றாகவே இருக்கும், ஏனென்றால் ஒரு ஆளிடம் பேசுகிற மாதிரி எழுதியிருப்பீர்கள். அவற்றை எடுத்து அந்தந்தக் கட்டத்தின் கீழே ஒட்டுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவனாக இருந்து, இப்போது உங்கள் தளத்தை இயக்குகிற ஒருவன்

பி.கு.: எங்கள் தளத்தைக் கட்டியவர்களுக்கும் இதைத் தனியாக எழுதினேன். நல்ல மனிதர்கள், மறுநாளே பதில் வந்தது. கூடவே ஓர் இணைப்பு: 'தளக் கையேடு இறுதி 3'.